486 பக்க ப்ராஸ்பெக்டஸ்: இதை யாராவது உண்மையிலேயே படிக்கிறீர்களா?

கரூர் செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். டாலி, ஜிஎஸ்டி எல்லாம் அத்துப்படி, ஷேர் மார்க்கெட் மட்டும் புதுசு. போன மாசம் சீட்டு எடுத்ததில் ஒரு லட்சம் கையில் இருக்கிறது. எங்க அண்ணன் ஒரு ஐபிஓவை, அதாவது ஒரு கம்பெனி முதல் தடவையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பதைச் சொல்லி, "ரெண்டு லாட் போடு, ஜிஎம்பி நல்லா இருக்கு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். லாட் என்றால் ஒரே கட்டாக வாங்க வேண்டிய பங்குகளாம், ஜிஎம்பி என்றால் பங்கு சந்தைக்கு வருவதற்கு முன்னாடியே வெளியில் பேசுகிற கூடுதல் விலையாம். போடறதுக்கு முன்னாடி எதைப் படிக்கணும்னு கேட்டேன். "ஆர்எச்பின்னு ஒண்ணு இருக்கும், அதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க" என்றார்.

பங்கு விற்பதற்கு முன்னாடி கம்பெனி தன்னைப் பற்றி எழுதி வெளியிடுகிற ஆவணம் அது. நான் டவுன்லோடு பண்ணிவிட்டேன். 486 பக்கம். பையன் தூங்கின பிறகு ரெண்டு ராத்திரி உட்கார்ந்தும் நாற்பது பக்கம் தாண்டவில்லை. முதல் இருபது பக்கம் வெறும் சொல் விளக்கம். அதற்கப்புறம் ரிஸ்க் ஃபேக்டர்ஸ், அதைப் படித்தால் பயமாக இருக்கிறது. கேஸ் இருக்கு, வாடிக்கையாளர் போய்விடலாம், லைசென்ஸ் புதுப்பிக்காமல் இருக்கு என்று கம்பெனியே தன்னைப் பற்றி இப்படி எழுதினால் யார் பணம் போடுவார்கள்?

டிஆர்எச்பி, ஆர்எச்பி, ப்ராஸ்பெக்டஸ் மூன்றும் ஒன்றுதானா? இது சட்டத்துக்காகப் போட்டு வைக்கிற சடங்கா, இல்லை என்னை மாதிரி ஆளுக்கு நிஜமாகவே பயன்படுமா? படிக்கணும் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஐபிஓ வெள்ளிக்கிழமை திறக்கிறது. கம்பெனி பேரை இங்கே போட விருப்பமில்லை.

மதுரை பிரபு:

சிஸ்டர், அண்ணன் சொல்றது நடைமுறை. 2021-லிருந்து மெயின்போர்டு, அதாவது பெரிய கம்பெனிகளோட ஐபிஓ எல்லாத்துக்கும் அப்ளை பண்றேன், ஒரு ப்ராஸ்பெக்டஸ்கூட திறந்ததில்லை. கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருந்து, பெரிய நிறுவனங்களுக்கு ஒதுக்கின க்யூஐபி பகுதி எத்தனை மடங்கு நிரம்பியிருக்குன்னு பார்ப்பேன். பெரிய ஃபண்டுகள் ஆள் வைத்துப் படிச்சிருக்கும், அவங்க வந்தா நானும் வருவேன். பங்கு அலாட் ஆனா, அது சந்தையில் லிஸ்டிங் ஆகிற அன்னைக்கே வித்துடுவேன். மூணு நாள் விஷயத்துக்கு 486 பக்கம் எதுக்கு? இதுவரை எனக்கு லாபம்தான்.

வசந்தா, திருவல்லிக்கேணி:

செல்வி, நான் படித்திருக்கிறேன். நூற்றுக்கு மேல், எழுத்தெழுத்தாக.

ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் 1992-லிருந்து 21 வருஷம் ப்ரூஃப் பார்த்தேன். ப்ராஸ்பெக்டஸ், ரைட்ஸ் இஷ்யூ, ஆண்டறிக்கை இவைதான் எங்களுக்குச் சோறு போட்டவை. இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவோம். தோழி மூலப் பிரதியை உரக்கப் படிப்பாள், நான் ஸ்டீல் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே வருவேன். எண் வந்தால் ஒவ்வொரு இலக்கமாக: "ஒன்று, எட்டு, கமா, மூன்று, சைபர்." ராத்திரி இரண்டு மணிக்கு வக்கீல் ஆபீஸ் பையன் திருத்தத்தோடு ஆட்டோவில் வந்து இறங்குவான். மறுபடி முதல் பக்கம்.

உங்கள் ஆர்எச்பியில் சதுர அடைப்புக்குள் ஒரு கரும்புள்ளி அங்கங்கே இருக்கும் பாருங்கள், இப்படி: [●]. ஏலம் கேட்டு விலையை முடிவு செய்கிற புக் பில்டிங் முறை வந்த பிறகு இவை பக்கத்துக்குப் பக்கம் வர ஆரம்பித்தன. நாங்கள் "குண்டு" என்போம். இன்னும் முடிவாகாத எண் அந்த இடத்தில் வரப்போகிறது என்று அர்த்தம். மூன்று ஆவணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தக் குண்டுகளை வைத்தே புரிந்துகொள்ளலாம். டிஆர்எச்பி, அதாவது டிராஃப்ட் ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ் என்பது வரைவு, குண்டு நிறைய இருக்கும். அது பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான செபிக்குப் போகும், இணையதளத்திலும் வரும், பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் விட வேண்டும். செபி கேள்வி கேட்டு, பதில் வாங்கி, திருத்தச் சொன்னதைத் திருத்திய பிறகு வருவது ஆர்எச்பி, அதாவது ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ். அதைக் கம்பெனிப் பதிவாளரிடம் வெளியீடு திறப்பதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதும் விலை குண்டாகத்தான் நிற்கும். விலைப் பட்டை, அதாவது இந்த விலையிலிருந்து இந்த விலை வரை என்பது, பத்திரிகை விளம்பரமாக வரும். கம்பெனியின் பதிவு அலுவலகம் தமிழ்நாட்டில் இருந்தால் ஒரு தமிழ் நாளிதழிலும் அது வந்தாக வேண்டும். ஏலம் முடிந்து விலை நிலைத்த பிறகு குண்டு ஒன்றுகூட இல்லாமல் வருவதுதான் ப்ராஸ்பெக்டஸ். எத்தனை குண்டு போனது, எத்தனை பாக்கி என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் எண்ணி வைப்போம். ரெட் ஹெர்ரிங் என்ற பேர் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இது இறுதி ஆவணம் இல்லை என்ற எச்சரிக்கையை முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அச்சடிப்பார்கள்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். விளம்பரத்திலும் டிவி பேட்டியிலும் யூடியூபிலும் கம்பெனி தனக்கு வேண்டியதை மட்டும் சொல்லும். தனக்கு எதிரானதையும் அது சொல்லியே தீர வேண்டிய இடம் இது ஒன்றுதான். முதல் பக்கத்தையே திரும்பப் பாருங்கள். போடுகிற பணம் மொத்தமாகப் போனாலும் தாங்க முடியாதவர்கள் இதில் முதலீடு செய்யக் கூடாது என்று ஒரு வாக்கியம் இருக்கும். இந்தப் பங்குகளை செபி சிபாரிசு செய்யவில்லை, உள்ளே இருப்பது சரியென்று உத்தரவாதமும் தரவில்லை என்றும் இருக்கும். இந்த இரண்டையும் நான் எத்தனை முறை கமா சரிபார்த்திருப்பேனோ தெரியாது. ரிஸ்க் ஃபேக்டர்ஸை முக்கியமானது முதலில் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பயத்தோடு படிக்க வேண்டாம். முதல் பத்தைக் கவனமாகப் படியுங்கள், அதிலும் எண் இருக்கிற இடத்தில் நில்லுங்கள். "பொருளாதாரம் சரிந்தால் பாதிப்பு வரும்" என்பது எல்லாக் கம்பெனியும் போடுகிற வரி. "எங்கள் வருமானத்தில் இத்தனை சதவீதம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து" என்பது உங்கள் கம்பெனியின் வரி.

இனி நான் எழுதப்போவது எனக்கு முப்பது வருஷமாக ஆறாதது. 1995-இல் எங்கள் அச்சகத்துக்கு ஒரு ப்ராஸ்பெக்டஸ் வந்தது. பத்து ரூபாய் பங்கு, இருபது ரூபாய் பிரீமியம். அந்தக் காலத்தில் வாராவாரம் ஏதாவது ஒரு வெளியீடு, விண்ணப்பப் படிவத்தைத் தெருமுனையில் வைத்துக் கொடுப்பார்கள். கும்பகோணத்தில் இருந்த என் தம்பி கடையை விற்ற பணத்தில் ஒரு பகுதியை அதில் போட்டான். "அக்கா, உங்க பிரஸ்ஸில் அச்சானதுதானே" என்றான். நானும் ஆமாம் என்றேன். இரண்டு வருஷத்தில் கம்பெனி ஆபீஸ் இருந்த இடத்தில் வேறு பலகை. அதன் பிறகுதான் வீட்டில் இருந்த பிரதியை எடுத்து நிதானமாகப் படித்தேன். திரட்டுகிற பணத்தில் தொழிற்சாலைக்கு நிலம் வாங்குவதாக ஒரு பக்கத்தில் இருக்கிறது. அந்த நிலத்தை விற்பவர் பேர் நாற்பது பக்கம் தள்ளி, உறவினர்களோடு செய்த கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது. நிறுவனரின் மனைவி. இரண்டு பக்கத்தையும் நான்தான் ப்ரூஃப் பார்த்தேன். இனிஷியலில் புள்ளி விட்டுப் போனதைக்கூடத் திருத்தியிருக்கிறேன். எழுத்தைப் பார்த்த கண் விஷயத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் பங்குப் பத்திரங்கள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

அதனால் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், "இஷ்யூவின் நோக்கங்கள்" என்ற பகுதியில் ஆரம்பியுங்கள் என்பேன். உங்கள் பணம் யார் கைக்குப் போகிறது? புதுப் பங்கு என்றால் கம்பெனிக்கு. ஆஃபர் ஃபார் சேல் என்றால் விற்கிற பழைய பங்குதாரருக்கு, கம்பெனிக்கு ஒரு ரூபாயும் வராது. 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா ஐபிஓ 27,870 கோடி ரூபாய். இருங்காட்டுக்கோட்டை ஆலையில் புது லைன் போடப் போகிறார்கள் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். அது முழுக்க ஆஃபர் ஃபார் சேல், பணம் போனது கொரியாவில் இருக்கும் தாய் நிறுவனத்துக்கு. அதில் தப்பு ஒன்றுமில்லை, அட்டையிலேயே போட்டிருந்தார்கள். விற்பவர் அந்தப் பங்கைச் சராசரியாக என்ன விலைக்கு வாங்கினார் என்பதும் அட்டைப் பக்கங்களிலேயே வரும். உங்களிடம் கேட்கிற விலையை அதன் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள்.

கம்பெனிக்குத்தான் போகிறது என்றால், அங்கிருந்து யாருக்கு? ட்ராஃபிக்சால் என்ற சிறு கம்பெனி 2024 செப்டம்பரில் மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இ-யில், சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான எஸ்எம்இ பிரிவில் 44.87 கோடிக்கு வந்தது. அதில் 17.70 கோடி ஒரு மென்பொருள் வாங்க என்று நோக்கங்களில் எழுதியிருந்தது. மக்கள் முந்நூறு மடங்குக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். யாரோ அந்த விற்பனையாளர் யார் என்று கேட்டுப் புகார் கொடுத்ததால் லிஸ்டிங் நின்றது. விசாரித்த செபி அந்த விற்பனையாளர் காகிதத்தில் மட்டும் இருக்கிற பேப்பர் கம்பெனி என்று முடிவுக்கு வந்து, டிசம்பரில் முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு போட்டது. விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் கிடைத்த அதே ஆவணம்தான் அது. அந்த ஒரு வரியில் நின்றவர்கள் சிலர். எஸ்எம்இ வெளியீடுகளின் ஆவணத்தை செபி சரிபார்ப்பதில்லை, பங்குச் சந்தைதான் பார்க்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

நோக்கங்களில் வருகிற ஒவ்வொரு பேரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உறவினர் பரிவர்த்தனை, வழக்குகள், நிறுவனர் குழு ஆகிய பகுதிகளில் அதே பேர் வருகிறதா என்று தேடுங்கள். நாங்கள் ஸ்கேல் வைத்துத் தேடியதை இப்போது பிடிஎஃப்பில் ஒரு நொடியில் தேடலாம்.

இது சடங்கா என்று கேட்டீர்களே. சஹாரா ப்ரைம் சிட்டி 2009 செப்டம்பரில் ஐபிஓ கேட்டு செபியிடம் டிஆர்எச்பி கொடுத்தது. அதில் குழுமத்தின் மற்ற கம்பெனிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்ன இடத்தில்தான் வேறு இரண்டு சஹாரா கம்பெனிகள் கடன் பத்திரம் என்ற பேரில் நாடு முழுக்கப் பணம் வாங்குவது செபியின் கண்ணில் பட்டது. தெரிந்தவர்களிடம் தனிப்பட்ட முறையில் வாங்கியது என்று வாதாடினார்கள். அந்தத் "தெரிந்தவர்கள்" கிட்டத்தட்ட மூன்று கோடிப் பேர், தொகை 24,000 கோடிக்கு மேல். 2012 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் 15 சதவீத வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது. வேறொரு கம்பெனியின் வரைவை யாரோ ஒருவர் ஒழுங்காகப் படித்ததில் ஆரம்பித்தது அது.

இளங்கோ, சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி) மாணவர்:

வசந்தா அம்மா எழுதியதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். பிரபு அண்ணனுக்கும் இது முக்கியம்.

ப்ராஸ்பெக்டஸின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு இயக்குநரும் கையெழுத்துப் போட்டிருப்பார். 2013 கம்பெனிகள் சட்டம் 34-வது பிரிவின்படி அதில் பொய்யோ, திசை திருப்புகிற மாதிரி விடுபட்டதோ இருந்தால் அது மோசடி. 447-வது பிரிவில் பத்து வருஷம் வரை சிறை இருக்கிறது. 35-வது பிரிவு நஷ்ட ஈடு பற்றியது. இயக்குநர், நிறுவனர், சான்று கொடுத்த நிபுணர் எல்லோரும் பொறுப்பு. ஆனால் அதன் வாசகத்தைக் கவனியுங்கள்: ப்ராஸ்பெக்டஸில் உள்ள கூற்றை நம்பிப் பங்கு வாங்கி நஷ்டப்பட்டவருக்குத்தான் அந்த உரிமை. ஜிஎம்பியை நம்பி வாங்கினேன் என்று யார் மேலும் வழக்குப் போட முடியாது. அது எந்தச் சந்தையிலும் பதிவாகாத விலை. அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் யாருமில்லை.

இன்னொன்று, செல்வி அக்கா. 33-வது பிரிவின்படி விண்ணப்பத்தோடு சுருக்க ப்ராஸ்பெக்டஸ் தர வேண்டும். செயலியில் போடும்போது அந்த இணைப்பைத் தாண்டிப் போய்விடுகிறோம். 486 பக்கத்தில் இறங்குவதற்கு முன்னால் அதை ஒரு தடவை படித்தால் எந்தப் பகுதி எங்கே என்று பிடிபடும்.

மதுரை பிரபு:

35-வது பிரிவு விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி தம்பி. ஆனா பெரிய ஃபண்டுகள் படிச்சுட்டுதானே வர்றாங்க?

வசந்தா, திருவல்லிக்கேணி:

படிப்பார்கள் பிரபு. ஆனால் அவர்கள் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. பேடிஎம் 2021 நவம்பரில் 18,300 கோடிக்கு வந்தபோது பெரிய நிறுவனங்கள் தங்கள் பகுதியை நிரப்பத்தான் செய்தன. தொடர்ந்து நஷ்டம், செலவு இன்னும் கூடும் என்று கம்பெனியே ரிஸ்க் பகுதியில் எழுதியிருந்தது. விலை 2,150, முதல் நாளே 27 சதவீதம் கீழே. ஒரு ஃபண்டுக்கு அது நூறில் ஒரு முதலீடு. செல்விக்கு அது சீட்டுப் பணம்.

கரூர் செல்வி:

எல்லோருக்கும் நன்றி. வசந்தா அம்மா, நேற்று ராத்திரி உங்கள் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காமல் நோக்கங்களுக்குப் போனேன். பாதிக்குப் பாதி ஆஃபர் ஃபார் சேல். புதுப் பங்குப் பணத்தில் பெரும் பகுதி வங்கிக் கடன் அடைக்க. அது எனக்குப் புரிகிற விஷயம், வட்டி எவ்வளவு மிச்சமாகும் என்று நானே போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாக வருகிறது. மெஷின் வாங்கும் கம்பெனிகளின் பேரைத் தாளில் எழுதித் தேடினேன். வேறெங்கும் வரவில்லை.

நான் நின்ற இடம் 38-ஆம் பக்கம். இரண்டாவது ரிஸ்க். விற்பனையில் 46 சதவீதம் ஒரே அமெரிக்க வாடிக்கையாளர், அதுவும் நீண்ட கால ஒப்பந்தம் இல்லாமல், ஆர்டருக்கு ஆர்டர். முதல் ரெண்டு ராத்திரியும் இதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். எங்கள் கம்பெனியிலும் இப்படித்தான். ஒரு சீசன் அந்த ஒரு பையர் ஆர்டரை நிறுத்தி வைத்தபோது மூன்று மாசம் தறி ஓடவில்லை, சம்பளப் பட்டியலை நான்தான் ரெண்டு தவணையாகப் பிரித்துப் போட்டேன். கம்பெனி எதையும் மறைக்கவில்லை. ஆனால் பங்கின் விலையை அதே தொழிலில் இருக்கும் மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட்டிருக்கும் அட்டவணையில், பல பையர் வைத்திருக்கிற கம்பெனிகளைவிட இது அதிக பி/இ, அதாவது ஒரு ரூபாய் லாபத்துக்கு அதிக விலை கேட்கிறது. அதற்குக் காரணம் எங்கே என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை.

வசந்தா, திருவல்லிக்கேணி:

செல்வி, அந்த 46 சதவீதம் டிஆர்எச்பியில் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். செபி தளத்தில் பழைய வரைவும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து அந்த ஒரு பத்தியை மட்டும் ஒப்பிடுங்கள். எங்களிடம் திருத்தம் வரும்போது ராத்திரி இரண்டு மணிக்கு மாறுகிற எண்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான்.

கரூர் செல்வி:

பார்த்தேன் அம்மா. வரைவில் 39 சதவீதம். ஏழு மாசத்தில் 46 ஆகியிருக்கிறது.

38-ஆம் பக்கத்தை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் படித்துவிட்டு ரெண்டு லாட்டுக்குப் பதில் ஒரு லாட் போட்டிருக்கிறார். நான் இதில் போடவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்து மோட்டார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் டிஆர்எச்பி போன வாரம் செபி தளத்தில் வந்திருக்கிறது, கருத்துச் சொல்ல இன்னும் 12 நாள் இருக்கிறது. அதில் புது ஷெட்டுக்கு நிலம் வாங்குவதாகப் போட்டிருக்கிறார்கள், விற்பவர் யார் என்று எங்கேயும் இல்லை. அதைக் கேட்டு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். இளங்கோ தம்பி, வெளியீட்டை நடத்துகிற மெர்ச்சன்ட் பேங்கருக்கு அனுப்பினால் போதுமா, செபிக்கும் ஒரு பிரதி போடணுமா?